லத்தியின் சூடு

பொதிகை மலையில் அதிருமலை முகாமிலிருந்து விடிந்ததும் புறப்பட்டோம். நாங்கள் பத்துப் பேர். வழிகாட்ட அந்த மலையின் பழங்குடியான காணிக்காரர் ஒருவர். உச்சி 1,868 மீட்டர். கேரள வனத்துறையிடம் அனுமதி வாங்கி, போனக்காடு வழியாக முந்தைய நாள் முழுக்க நடந்து வந்திருந்தோம்.

ஈத்தை மூங்கில் காட்டுக்குள் நுழைந்ததும் வழிகாட்டி கையைத் தூக்கினார். பாதையில் யானை லத்தி. குச்சியால் கிளறி, புறங்கையை அதன் மேல் வைத்துப் பார்த்தார்.

"சூடு ஆறல. பக்கத்துலதான் நிக்குது. பேசாம நில்லுங்க."

கால் மணி நேரம் நின்றோம். காலில் அட்டை ஏறியதுகூட உறைக்கவில்லை. கொஞ்ச தூரத்தில் ஈத்தை முறிகிற சத்தம் கேட்டது. பிறகு விலகிப் போனது.

"இதெல்லாம் யாருகிட்ட கத்துக்கிட்டீங்க, அண்ணே?"

"அப்பாகூட நடந்ததுதான்."

கயிற்றைப் பிடித்துப் பாறையேறி, அகத்தியரைக் கும்பிட்டு இறங்கினோம்.

வீட்டுக்கு வந்ததும் மகனிடம் லத்திக் கதையைச் சொன்னேன். "உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?" என்று கண் விரியக் கேட்டான். "காட்டுக்குப் போனா தெரிஞ்சிரும்" என்றேன். சொல்லித் தந்தவரைச் சொல்லாத அந்தப் பதில் அன்றிரவு என்னை உறுத்தியது. எப்போதோ படித்த ஒரு நிகழ்வு நினைவுக்கு வந்தது.

1987-இல் இதே மலைப்பகுதிக்குத் தாவரவியலாளர் புஷ்பாங்கதன் தலைமையில் ஓர் ஆய்வுக்குழு வந்தது. அறிவியலாளர்கள் ஓய்ந்துபோக, வழிகாட்ட வந்த காணிக்காரர்கள் மட்டும் ஏதோ ஒரு காயைத் தின்றபடி களைப்பில்லாமல் நடந்தார்கள். கேட்டதும் சொல்லிவிடவில்லை, தயங்கித்தான் செடியைக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து பாலோடு தாவர ஆய்வு நிறுவனம் 'ஜீவனி' மருந்தை உருவாக்கியது. நிறுவனத்துக்கு வரும் உரிமத் தொகையில் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவாகி, 1997-இல் அவர்களுக்கென்று ஓர் அறக்கட்டளையும் பதிவானது. அந்த ஏற்பாட்டில் குறைகள் இருந்தன. ஆனாலும், காணிக்காரர்கள் சொல்லித்தான் தெரிந்தது என்பதை ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது.

நாம் அப்படிச் செய்வதில்லை. பத்தியச் சமையலை அத்தையிடம் கற்கிறோம். அலுவலகக் கோப்பின் நெளிவுசுளிவுகளை ஓய்வுபெறப் போகிற ஒரு கிளார்க் சொல்லித் தருகிறார். நாம் இன்னொருவருக்குச் சொல்லும்போது அவர்கள் பெயர் உதிர்ந்துவிடுகிறது. வழிகாட்டிக்குக் கூலி கொடுத்தாயிற்று, கணக்கு தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது தவறு.

மறுநாள் மகனை உட்காரவைத்து, அந்தக் காணிக்காரரின் பெயரையும், அவர் அப்பாவோடு காட்டில் நடந்து பழகியதையும் சொன்னேன். நீங்களும் உங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுக்கும்போது, அதை உங்களுக்குச் சொல்லித் தந்தவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.