நாளையை எழுதிய கை

நாளையைப் பற்றி எழுதுகிறவருக்கும் இன்றைய வேலை காத்திருக்கிறது. எழுத்தாளர் சுஜாதா பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்துக்காக உழைத்த பொறியாளர். அதே கை அறிவியல் நாவலான ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்ற இயந்திர நாயைப் பேசவும் சிந்திக்கவும் வைத்தது. ஓய்வுக்குப் பின் மயிலாப்பூர் வாசம். எழுத்துக்கு மட்டும் ஓய்வில்லை.

அறிவியல் கதைக்கு வானத்தைப் பார்த்தால் மட்டும் போதாது, இயந்திரத்தின் மூடியையும் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும். கற்பனை எவ்வளவு தூரம் போனாலும் அதை நம்பவைப்பது பக்கத்திலிருக்கும் சின்ன உண்மைதான். விண்கலம் ஏறுகிறவனுக்கும் பசிக்கும், வீட்டு ஞாபகம் வரும். மனிதர்களை அப்படிக் கவனித்து எழுதியதால்தான், 2008-ல் அவர் மறைந்த பிறகும் ஜீனோ நம் வீட்டுப் பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருக்கிறது.