கற்று என்ன செய்ய?

"இந்த வயசுல இதைக் கத்துக்கிட்டு என்ன செய்யப் போறீங்க?"

இந்தக் கேள்வியை நீங்கள் யாரிடமாவது கேட்டிருப்பீர்கள். அல்லது உங்களிடம் யாராவது கேட்டிருப்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன். யாரிடம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

2000-களின் பிற்பாதியில், சென்னைத் துறைமுகத்துக்கு அவ்வப்போது ஒரு வித்தியாசமான அமெரிக்கக் கப்பல் வந்து போகும். சரக்குக் கப்பல் இல்லை. உல்லாசக் கப்பலும் இல்லை. உள்ளே வகுப்பறைகள், நூலகம், சில நூறு கல்லூரிப் பிள்ளைகள். 'செமஸ்டர் அட் ஸீ' என்று பெயர். சுமார் நூறு நாளில் உலகத்தைச் சுற்றிக்கொண்டே ஒரு செமஸ்டரைப் படித்து முடிக்கலாம். கடலில் பாடம், கரையில் பிராக்டிகல்!

யோசனை பழசுதான். 1926-லேயே 'ரிண்டாம்' என்ற கப்பல் சுமார் 500 மாணவர்களோடு உலகம் சுற்றியிருக்கிறது. 1963-ல் அந்த எண்ணம் மறுபடி உயிர் பெற்றது. ஹாங்காங் கப்பல் அதிபர் ஸி.ஒய். டங், 1970-ல் புகழ்பெற்ற 'குயின் எலிசபெத்' கப்பலையே விலைக்கு வாங்கி, மிதக்கும் பல்கலைக்கழகமாக்கப் பார்த்தார். 'ஸீவைஸ்' என்று பெயர் சூட்டினார். கடலறிவு என்றும் சொல்லலாம், 'ஸி.ஒய்'யுடையது என்றும் காதில் விழும். சிலேடைப் பிரியர்! 1972 ஜனவரியில், மாணவர்கள் ஏறுவதற்கு முன்பே, ஹாங்காங் துறைமுகத்தில் அது தீப்பிடித்துச் சாய்ந்தது. பாடம் மட்டும் நிற்கவில்லை. வேறு கப்பலில் தொடர்ந்தது.

இதில் பிள்ளைகளோடு சில பெரியவர்களும் வருவார்கள். 'வாழ்நாள் மாணவர்கள்' என்று அவர்களுக்குப் பெயர். எந்த வகுப்பிலும் போய் உட்காரலாம். பரீட்சை கிடையாது, மார்க் கிடையாது. அதனால், 'எதற்காகப் படிக்கிறாய்?' என்ற கேள்விக்குச் சொல்ல ரெடிமேட் பதிலும் கிடையாது.

அப்படி வந்த ஓர் அம்மையாரை மயிலாப்பூரில் நண்பர் வீட்டில் சந்தித்தேன். வயது 71. அமெரிக்காவின் தெற்கே, ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். பள்ளிக்கூட லைப்ரரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கணவர் இறந்து இரண்டு வருடமாகியிருந்தது.

நண்பரின் மனைவி சுடச்சுட வடை கொண்டுவந்து வைத்தார். அம்மையார் அதை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"காரமா இருக்குமோனு பயப்படறாங்க போல" என்றார் நண்பரின் மனைவி.

விஷயம் அது இல்லை. "எங்கள் முதல் துறைமுகத்தில் இதே மாதிரி ஒன்றைச் சாப்பிட்டேன். இன்னும் ஜீரணம் ஆகவில்லை" என்றார். சிரித்தபடிதான் சொன்னார். ஆனால், அது ஜோக் இல்லை.

முதல் துறைமுகம், பிரேசில் நாட்டின் சால்வடார். ஒரு வாரத்துக்கு மேல் வெறும் தண்ணீரையே பார்த்த கண்ணுக்கு, கரை தெரிந்தபோது ஏதோ பரிசு கிடைத்த மாதிரி இருந்ததாம். 1549-ல் போர்த்துக்கீசியர்கள் உண்டாக்கிய நகரம். 1763 வரை பிரேசிலின் தலைநகரம். கீழே துறைமுகம், மேலே பழைய ஊர். நடுவில் 1873-ல் கட்டிய ஒரு லிஃப்ட். 72 மீட்டர் உயரம் ஏறிப் போய் ஊருக்குள் இறங்கலாம்.

மேலே போனால் 'பெலோரினோ' என்ற சதுக்கம். மஞ்சள், நீலம், ரோஸ் என்று வீடுகள். சரிவான கல் பாவிய தெரு. எங்கோ டிரம்ஸ் சத்தம். வெள்ளைப் பாவாடையும் வெள்ளைத் தலைப்பாகையுமாக ஒரு பெண், சட்டி வைத்து 'அகராஜே' சுட்டுக்கொண்டிருந்தாள். காராமணியைத் தோல் நீக்கி அரைத்து, செக்கச் சிவந்த பனை எண்ணெயில் பொரிக்கிற உருண்டை. சுருக்கமாக, காராமணி வடை. நடுவில் கீறி, உலர்ந்த இறால் வைத்துத் தருவார்கள். அம்மையார் அதை வாங்கிக்கொண்டு சரிவில் உட்கார்ந்து ருசித்தார். கூட வந்த 19 வயதுப் பெண் கேமராவை நீட்ட, வடையைத் தூக்கிப் பிடித்து வாய்நிறையச் சிரித்தார்.

ஒரு மணி நேரம் கழித்துப் பேராசிரியர் வந்தார். அந்தச் சதுக்கத்தின் பெயருக்கு அர்த்தம் சொன்னார்.

பெலோரினோ என்றால் கசையடித் தூண்.

ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்த அடிமைகளை, ஊர் பார்க்கக் கட்டிவைத்து அடித்த தூண். பிரேசிலுக்கு மட்டும் இப்படிக் கொண்டுவரப்பட்டவர்கள் சுமார் 48 லட்சம் பேர். 1888-ல்தான் அங்கே அடிமைமுறை ஒழிந்தது. அமெரிக்கக் கண்டங்களிலேயே கடைசியாக. இன்றைக்குத் தூண் இல்லை, பெயர் இருக்கிறது. சதுக்கத்தில் அழகாக நிற்கிற நீலநிற தேவாலயம், கறுப்பின மக்கள் தங்களுக்காகத் தாங்களே 1704-ல் கட்டத் தொடங்கியது. அந்த வடைகூட வெறும் வடை இல்லை. அடிமைப் பெண்கள் தெருவில் பலகாரம் விற்று, எஜமானுக்குக் கொடுத்தது போக மிச்சம் பிடித்து, தங்கள் விடுதலையைத் தாங்களே விலை கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். 2005-ல் அந்த வடைத் தொழிலை பிரேசில் அரசு தேசியப் பண்பாட்டுச் சொத்தாகவே பதிவு செய்தது.

"அந்த 19 வயதுப் பெண் அழுதுவிட்டாள்" என்றார் அம்மையார். "எனக்கு அழுகை வரவில்லை. என் தாத்தாவின் அப்பா ஞாபகம் வந்தது. அவருக்குப் பருத்திப் பண்ணை இருந்தது. அதில் யார் வேலை செய்தார்கள் என்று எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. எழுபத்தோரு வருடம்! அதுவும் லைப்ரரியில் புத்தகங்களுக்கு நடுவே!"

கேமராவில் இருந்த படத்தை அழித்துவிடலாமா என்று அந்தப் பெண் கேட்டாளாம். வேண்டாம் என்றிருக்கிறார் இவர். "அழித்தால், தெரியாமல் சிரித்தது நான் இல்லை என்று ஆகிவிடும்."

பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். "கிளம்பும்போது என் மகன் கேட்டான், 'இதையெல்லாம் தெரிந்துகொண்டு என்னம்மா செய்யப் போகிறாய்?' என்று. அந்தப் பெண்ணுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அவள் இதைக் கொண்டு வழக்கறிஞர் ஆகலாம், ஆசிரியை ஆகலாம். நான் என்ன ஆவது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வடையைச் சாப்பிடச் சொன்னேன்.

ஆனால், கேள்வி என்னை விடவில்லை. யோசிக்க யோசிக்க, அவர் மகன் கேட்டதில் ஒரு நியாயமும் இருப்பது புரிந்தது. இந்தப் பயணத்துக்கு ஆகிற பணம் கொஞ்சநஞ்சம் இல்லை. வடை விற்ற பெண்ணுக்கு இந்த அம்மையாரின் ஞானோதயத்தால் ஒரு பைசா பிரயோஜனம் கிடையாது, வடைக்கான காசைத் தவிர. அடிபட்டவர்கள் யாரும் திரும்பி வரப்போவதும் இல்லை. அப்படியானால், தெரியாமலே நிம்மதியாக இருந்துவிட்டுப் போயிருக்கலாமே?

இங்கேதான் நாம் ஒரு தப்பு செய்கிறோம் என்று நினைக்கிறேன். கல்வி என்றாலே முன்னால் பார்ப்பது என்று முடிவு கட்டிவிட்டோம். வேலை, சம்பளம், வரப்போகிற நாட்கள். எதிர்காலம் நிறைய வைத்திருப்பவனுக்கு அது சரி. எழுபது வயதுக்காரரிடம் இருக்கிற பெரிய சொத்து, கடந்த காலம். புதிதாக ஒன்றைத் தெரிந்துகொண்டால் அது அங்கே போய் வேலை செய்கிறது. பூட்டிக் கிடந்த ஓர் அறையில் விளக்குப் போட்ட மாதிரி. நடந்ததை மாற்ற முடியாதுதான். ஆனால், நடந்தது என்ன என்பதே அப்போதுதான் தெரிகிறது. தன் வாழ்க்கையைத் தப்பாகப் புரிந்துகொண்டே முடித்துவிடாமல் இருப்பது, எந்த வேலைக்கும் உதவாமல் போகட்டும், அது ஒரு லாபம் இல்லையா?

நிம்மதி போகுமே என்றால், போகும்தான். தெரியாததால் வருகிற நிம்மதியை அந்த அம்மையார் 71 வருடம் அனுபவித்தாயிற்று. அந்த நிம்மதிக்கு விலை கொடுத்தது வேறு யாரோ.

இப்போது என் பாக்கி.

என் அப்பா ஆர்.எம்.எஸ்.ஸில் சார்ட்டராக இருந்தவர். ராத்திரி முழுக்க, ஓடுகிற ரயிலில் கடிதங்களைப் பிரித்துப் போடுகிற வேலை. ரிட்டயர் ஆன பிறகு ஒருநாள், "உருது கத்துக்கலாம்னு பாக்கறேன்டா. திருவல்லிக்கேணில ஒருத்தர் சொல்லித் தர்றாராம்" என்றார்.

நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "யாருக்குப்பா லெட்டர் எழுதப் போறீங்க?" என்றேன்.

அவர் சிரித்தார். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அவர் போன பிறகு அவருடைய பழைய டைரியில் ஒரு பக்கத்தைப் பார்த்தேன். பென்சிலால் நான்கு உருது எழுத்துக்கள். பக்கத்தில் தமிழில்: அலிஃப், பே, பே, தே. இரண்டு 'பே'க்கும் தமிழில் எழுத்து ஒன்றுதான். குழம்பிவிடக் கூடாது என்று, முதல் பேக்குக் கீழே ஒரு புள்ளி, அடுத்த பேக்குக் கீழே மூன்று புள்ளி என்று குறிப்பு வேறு எழுதிவைத்திருந்தார். முப்பது வருடம் தன் கை வழியாகப் போன, தன்னால் படிக்க முடியாத முகவரிகளை அவர் ஒருமுறையாவது படித்துப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறார். அவ்வளவுதான். நான்காவது எழுத்தோடு நிறுத்தியவன் நான்.

உங்கள் வீட்டில் பெரியவர்கள் யாராவது எதையாவது கற்றுக்கொள்ள வேண்டும் என்றால், தயவுசெய்து 'எதுக்கு?' என்று கேட்காதீர்கள். 'கிளாஸ் எத்தனை மணிக்கு?' என்று கேளுங்கள். முடிந்தால் வண்டியில் கொண்டுபோய் விடுங்கள்.