பிராதில் எழுதுறதை டாக்டர்கிட்ட மறைக்கலாமா?





நம்ம ஸ்ரீமுஷ்ணத்துலேருந்து விருத்தாசலம் போறவங்க, அப்படியே மணவாளநல்லூர் போய்க் கொளஞ்சியப்பரையும் ஒரு தடவை கும்பிட்டுட்டுத்தான் வருவாங்க. அங்கே முருகனுக்கு முகமும் கிடையாது, கையும் கிடையாது. பலிபீடம் மாதிரி ஒரு கல்லா, அருவமா நிற்கிறான். அந்தக் கல்லுக்கு முன்னாலதான் ஜனங்க மனசைத் திறந்து கொட்டுறாங்க. ஒரு தாளில் பேர், ஊர், என்ன குறை என்று எழுதி, பூஜையில் வைத்து, முனீஸ்வரர் சந்நிதியில் கட்டிவிட்டு வருவாங்க. பிராது கட்டுறதுன்னு அதுக்குப் பேர். குறை தீர்ந்ததும் மறுபடி வந்து பிராதைத் திரும்ப வாங்கிக்கணும்.

பிராதில் யாரும் பொய் எழுத மாட்டாங்க. "எம் பொண்ணுக்கு வலிப்பு நிக்கணும் முருகா" என்று ஒரு அம்மா பட்டவர்த்தனமா எழுதுவாங்க. அதே அம்மாகிட்ட பக்கத்து வீட்டுக்காரங்க கேட்டா, "சாப்பிடாம இருந்தா, லேசா மயக்கம்" என்பாங்க. பள்ளிக்கூடத்தில் சொல்ல மாட்டாங்க. சம்பந்தி வீட்டில் மூச்சு விட மாட்டாங்க. சில பேர் டாக்டர்கிட்டயே பாதியைத்தான் சொல்வாங்க.

சாமிகிட்ட மறைக்காததை மனுஷங்ககிட்ட ஏன் மறைக்கிறோம்? மறைக்கிற அளவுக்கு அந்தக் குடும்பத்தைப் பயமுறுத்தி வச்சிருக்கிறது யார்? இன்னைக்கு இதைத்தான் சிந்திக்கப் போறோம்.

*ஒரு ராஜாவின் மகள்*

7ஆம் நூற்றாண்டுக்குப் போவோம். திருஞானசம்பந்தர் நம்ம சீமைக்கு வேண்டியவர். அவர் பாடிய திருமுதுகுன்றம்தான் இன்றைய விருத்தாசலம். பெண்ணாடம் பக்கத்துத் திருவட்டத்துறையில்தான் அந்தச் சின்னப் பிள்ளைக்கு முத்துச் சிவிகை கிடைச்சது. அருணகிரிநாதர் திருப்புகழில் பல இடங்களில் சம்பந்தரை முருகனாகவே பாடுகிறார். அதனால் சம்பந்தர் கதை நமக்கு முருகன் கதை.

திருச்சிக்குப் பக்கம் கொள்ளிடத்துக்கு வடகரையில் திருப்பாச்சிலாச்சிராமம். இன்னைக்குத் திருவாசின்னு சொல்றாங்க. அங்கே கொல்லி மழவன் என்ற அரசனுடைய மகளுக்கு முயலகன் என்ற நோய். நாம வலிப்புன்னு சொல்றதுக்கு அந்தக் காலத்துப் பேர் அது. ராஜா வீட்டுப் பொண்ணு, பார்க்காத வைத்தியம் இல்லை. எதுவும் கேட்கலை. கடைசியில் மகளைக் கொண்டுவந்து கோயிலில் சிவன் முன்னாலேயே கிடத்திவிட்டார். அந்த நேரம் சம்பந்தர் வருகிறார் என்று செய்தி வருது. ஓடிப்போய் வரவேற்றுக் கூட்டிக்கிட்டு வர்றார். கோயிலுக்குள் வந்த பிள்ளை, நினைவில்லாமல் கிடக்கும் பெண்ணைப் பார்த்து, இது என்ன என்று கேட்கிறார். பெரிய புராணத்தில் சேக்கிழார் இதைச் சொல்லியிருக்கார்.

இங்கே மூணு விஷயம் கவனிக்கணும்.

முதலாவது, அப்பா மறைக்கலை. அரசன் நினைச்சிருந்தா அந்தப்புரத்தில் கதவைச் சாத்தி வச்சிருக்கலாம். ஊரே வந்து போற கோயிலில் மகளைக் கிடத்தினார். கேட்டதும் உள்ளதை உள்ளபடி சொன்னார்.

இரண்டாவது, சம்பந்தர் ஒதுங்கிப் போகலை. நின்னு, பார்த்து, கேட்டார்.

மூணாவதுதான் முக்கியம். அவர் பாடிய பதிகத்தில் அந்தப் பொண்ணு மேல ஒரு சொல் பழி கிடையாது. "இவ என்ன பாவம் செஞ்சாளோ" என்ற பேச்சே இல்லை. ஒரு பெண்ணை இப்படி வாட வைக்கிறது உமக்கு அழகான்னு சிவபெருமானிடமே நியாயம் கேட்கிறார். பெண் எழுந்து நடந்து அப்பாகிட்ட வந்தாள்.

*முயலகன் எங்கே இருக்கான்?*

சிதம்பரம் நடராஜர் காலடியைப் பார்த்திருப்பீங்க. அங்கே கிடக்கிறவன்தான் முயலகன். வடமொழியில் அபஸ்மாரன். ஆயுர்வேதத்தில் வலிப்பு நோய்க்கும் அபஸ்மாரம் என்றே பேர். ஸ்மரணம் என்றால் நினைவு. நினைவு தப்புகிற நோய் என்று அர்த்தம். திருவாசிக்குப் போனீங்கன்னா நடராஜர் முயலகன் மேல் ஆட மாட்டார், பாம்பு மேல் ஆடுவார். அந்தப் பொண்ணோட நோய் தீர்ந்ததுக்கு அடையாளமாக அதைச் சொல்றாங்க.

முயலகனுக்குப் பெரியவங்க சொல்ற பொருள் அறியாமை. சாமி காலில் மிதிபடுறது அறியாமைதான், நோய் வந்த பிள்ளை இல்லை. இன்னைக்கு அந்த அறியாமை யார்கிட்ட இருக்கு? பேய் பிடிச்சிருக்குன்னு வேப்பிலையால அடிக்கிறவங்ககிட்ட இருக்கு. நுரை பட்டா ஒட்டிக்கும்னு விலகுறவங்ககிட்ட இருக்கு. தூக்கிவிடாம போனில் படம் எடுக்கிற நம்மகிட்டயும் இருக்கு.

உண்மை என்ன? மூளையில் ஓடுகிற மின்சார ஓட்டம் சில நொடி தாறுமாறாகிறது. அதுதான் வலிப்பு. ஒட்டிக்காது. சாபம் இல்லை. பிரசவத்தில் ஏற்பட்ட பாதிப்பு, தலையில் அடி, மூளைக்காய்ச்சல், பக்கவாதம், கட்டி, பரம்பரை என்று காரணம் பல. காரணமே தெரியாமலும் வரலாம். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் அந்த மாவட்டத்தில் 50,000 பேருக்கு மேல் விசாரிச்சு 2006இல் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஆயிரம் பேருக்குச் சுமார் 4 பேருக்கு வலிப்பு இருந்தது. அதில் மூணில் ஒரு பங்குக்குக் காரணம், நாடாப்புழுவோட முட்டை வயிற்றுக்குள் போய், புழு மூளையில் கூடு கட்டியது. மனுஷ மலத்திலிருந்து மண், தண்ணீர், கழுவாத கீரை வழியா அந்த முட்டை வரும். சுத்த சைவமாக இருந்தாலும் வரும். கையையும் காய்கறியையும் கழுவுறது, கழிப்பறையைப் பயன்படுத்துறது எல்லாம் வலிப்பைத் தடுக்கிற வேலைதான்.

உலகம் முழுக்க சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கு. சரியாக் கண்டுபிடிச்சு மருந்து கொடுத்தா, நூற்றில் 70 பேர் வரைக்கும் வலிப்பே இல்லாம வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. மருந்து பெரிய பட்டணத்தில்தான் வேலை செய்யும் என்பதும் இல்லை. பக்கத்துக் கர்நாடகத்தில் எளந்தூர் என்ற கிராமப் பகுதியில் மூளை நரம்பியல் டாக்டர் கே.எஸ். மணியும் அவர் கூட இருந்தவங்களும் விலை குறைந்த பழைய மாத்திரைகளை வச்சே ஜனங்களுக்கு வருஷக்கணக்கில் வைத்தியம் பார்த்தாங்க. பாதிக்கும் மேற்பட்டவங்களுக்கு வலிப்பு நின்னது. 2001இல் லான்செட் இதழில் அந்த ஆய்வு வந்தது.

*கூட்டத்தில் ஒருத்தர் விழுந்தால்*

நம்ம ஊர்த் திருவிழாக் கூட்டம். ஒருத்தர் திடீர்னு விழறார். கண் மேலே செருகுது, கை கால் வெட்டுது. உடனே நாலு பேர் சாவிக்கொத்து தேடுவாங்க. கையில் இரும்பு கொடுத்தா நிக்கும்னு சினிமாவில் பார்த்தது. சாவியாலயும் நிக்காது, கோயில் வேலைக் கையில் கொடுத்தாலும் நிக்காது. பெரும்பாலான வலிப்பு ஓரிரண்டு நிமிஷத்தில் தானா அடங்கும். அதுவரைக்கும் அடிபடாம காப்பாத்துறதுதான் நம்ம வேலை.

கூட்டத்தை விலக்குங்க. விளக்கு, கற்பூரத் தட்டு, கல் எல்லாத்தையும் நகர்த்துங்க. தலைக்கடியில் துண்டை மடிச்சு வைங்க. கழுத்தில் இறுக்கமா இருக்கிறதைத் தளர்த்துங்க. வெட்டு அடங்கினதும் ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, எச்சில் வெளியே வரட்டும்.

வாயில் கரண்டி, துணி, விரல் எதுவும் வைக்காதீங்க. கை காலை அமுக்கிப் பிடிக்காதீங்க. முழு நினைவு வர்ற வரைக்கும் தண்ணியோ தீர்த்தமோ கொடுக்காதீங்க.

கடிகாரத்தைப் பாருங்க. 5 நிமிஷத்துக்கு மேல் போனாலும், நினைவு திரும்பாம மறுபடி மறுபடி வந்தாலும், இதுதான் முதல் தடவைன்னாலும், கர்ப்பிணின்னாலும், தண்ணிக்குள் வந்தாலும், பலத்த அடி பட்டாலும் 108ஐக் கூப்பிடுங்க.

எல்லாம் முடிஞ்சு கண் திறக்கும்போது அவங்களுக்கு ஒண்ணும் புரியாது. ஆடை நனைஞ்சிருக்கலாம். ஒரு துண்டைப் போர்த்தி, "ஒண்ணும் இல்லண்ணே, நாங்க இருக்கோம்" என்று சொல்லுங்க. அந்த நேரத்தில் அதைவிடப் பெரிய அர்ச்சனை கிடையாது.

வீடியோ எடுக்கணும்னா வீட்டுக்காரங்க சம்மதத்தோட எடுங்க, டாக்டருக்குக் காட்ட மட்டும். டாக்டர் கண் முன்னால வலிப்பு வர்றது அபூர்வம். பார்த்தவங்க சொல்றதை வச்சுத்தான் அவர் கண்டுபிடிக்கணும், அந்த ஒரு நிமிஷ வீடியோ பெரிய உதவி. அதையே ஸ்டேட்டஸில் போட்டா அந்தப் பொண்ணோட வாழ்க்கையை நாம கெடுத்தோம் என்று அர்த்தம்.

வெட்டி விழுந்தாத்தான் வலிப்புன்னும் இல்லை. பாடம் நடக்கும்போது குழந்தை சில நொடி அப்படியே வெறிச்சுப் பார்த்து நிற்கும். "கவனம் இல்லை"ன்னு அடி வாங்கும். அதுவும் வலிப்பாக இருக்கலாம். ஆசிரியர் வேலையில் இருக்கிற அடியார்கள் இதை மனசில் வைங்க.

*மாத்திரையும் விரதம்தான்*

இது நம்ம முருகன் பிள்ளைகளுக்கு ரொம்ப முக்கியம். கந்த சஷ்டி ஆறு நாள் பட்டினி, பழனிக்குப் பாதயாத்திரை, ராத்திரி முழுக்கக் கண் விழிப்பு. மாத்திரை விட்டுப்போறதும் தூக்கம் கெடுறதும்தான் வலிப்பைக் கூப்பிட்டுக் கொண்டுவர்ற பெரிய காரணங்கள். வலிப்பு உள்ளவங்க விரதத்தில் ஒரு வேளை மாத்திரையைக்கூட விடக்கூடாது. பட்டினி கிடக்கலாமா, எத்தனை நேரம் என்பதை டாக்டர்கிட்ட முன்னாடியே கேளுங்க. பாலும் பழமும் சாப்பிட்டு இருக்கிற விரதத்தையும் முருகன் ஏத்துக்குவான். திருச்செந்தூர் கடலிலும் கோயில் குளத்திலும் தனியா இறங்க வேண்டாம், கூட ஆள் இருக்கணும். வலிப்பு அடங்காத நிலையில் தீமிதி வேண்டவே வேண்டாம்.

ஆறு மாசம் வரலைன்னதும் "கொளஞ்சியப்பர் தீர்த்துட்டார்"ன்னு மாத்திரையைத் தூக்கிப் போடுறாங்க. திடீர்னு நிறுத்தினா முன்னைவிட மோசமா வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். பொதுவா இரண்டு வருஷமாவது வலிப்பே இல்லாம இருந்த பிறகுதான் டாக்டர்கள் குறைக்கிறதைப் பத்தியே யோசிப்பாங்க. பிராதைத் திரும்ப வாங்குறதுக்கு முன்னாடி டாக்டர் வாயால ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. வைத்தீஸ்வரன்கோயிலில் முத்துக்குமாரசாமியோட அப்பா பேரே வைத்தியநாதர்தானே! தன்வந்திரிக்கும் அங்கே சந்நிதி இருக்கு. வைத்தியமும் வழிபாடும் ஒரே கோயிலில்தான் இருக்கு.

*கல்யாணப் பேச்சு*

மறைக்கிறதோட விலை இங்கேதான் தெரியும். சொல்லாமல் கட்டிக் கொடுப்பாங்க. புகுந்த வீட்டில் யாராவது பார்த்துடுவாங்கன்னு அந்தப் பொண்ணு மாத்திரையை நிறுத்திடும். புது இடம், தூக்கம் இல்லை, மருந்தும் இல்லை. வலிப்பு வரும். "ஏமாத்திட்டாங்க"ன்னு பஞ்சாயத்து வரும்.

1955ஆம் வருஷ இந்துத் திருமணச் சட்டத்தில் அடிக்கடி வலிப்பு வர்றவங்க கல்யாணத்துக்குத் தகுதி இல்லாதவங்க என்ற மாதிரி ஒரு வரி இருந்தது. 1999இல் திருத்தம் கொண்டுவந்து வலிப்பு என்ற சொல்லையே எடுத்துட்டாங்க. சட்டம் மாறிடுச்சு, நம்ம திண்ணைப் பேச்சு மாறலை. வலிப்பு உள்ள பெண்கள் கல்யாணம் பண்ணிக்கலாம், நல்லபடியா பிள்ளை பெத்துக்கலாம். கர்ப்பத்துக்கு முன்னாலயே டாக்டரைப் பார்த்து, எந்த மாத்திரை தொடரணும், எது மாத்தணும், ஃபோலிக் ஆசிட் எவ்வளவு என்று கேட்டுக்கணும். நிச்சயத்துக்கு முன்னாடியே உண்மையைச் சொல்லுங்க. சொன்னதும் ஓடிப்போற வரன் ஓடட்டும். கேட்டுட்டு, "சரிங்க, மாத்திரை நேரம் மட்டும் சொல்லுங்க" என்கிறவன்தான் மாப்பிள்ளை. இதைப் படிக்கிற தம்பிகளே, அந்த மாப்பிள்ளையா நீங்க இருங்க.

வேலையும் அப்படித்தான். விருத்தாசலம் செராமிக் பட்டறையில் வலிப்பு அடங்காத ஒருத்தரைச் சூளைக்குப் பக்கத்தில் நிறுத்தக் கூடாது. ஆனா பொம்மைக்கு வண்ணம் தீட்டலாம், அச்சு எடுக்கலாம், கணக்கு எழுதலாம். முதலாளிக்கு விஷயம் தெரிஞ்சாத்தானே வேலையை மாத்திக் கொடுப்பார்? 1992 உலகக் கோப்பையில் பறந்து விழுந்து இன்சமாமை ரன் அவுட் ஆக்கினாரே ஜான்டி ரோட்ஸ், அவருக்கும் வலிப்பு உண்டு. உலகத்துக்கே வெளிப்படையாச் சொல்லிட்டுத்தான் வாழ்றார்.

*கிருத்திகைச் சங்கல்பம்*

நவம்பர் 17 நம்ம நாட்டில் தேசிய வலிப்பு நோய் தினம். கார்த்திகை மாசம் பிறக்கிற நேரம், முருகனுக்கு உகந்த மாசம். அதுக்குக் காத்திருக்காம வர்ற கிருத்திகைக்கே ஒரு சங்கல்பம் எடுப்போம்.

நம்ம தெருவில் வலிப்பு உள்ள ஒருத்தர் இருந்தா, அவங்களை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகத் துணைக்குப் போவோம். விருத்தாசலம் அரசு மருத்துவமனை இருக்கு. பெரிய பரிசோதனை வேணும்னா புதுச்சேரி ஜிப்மரில் மூளை நரம்பியல் பிரிவு இருக்கு. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார ஒரு ஆள் இருந்தாலே பாதி பயம் போயிடும். பஜனைக் குழுவிலும் காவடிக் குழுவிலும் எல்லாருக்கும் மேலே சொன்ன முதலுதவியைச் சொல்லிக் கொடுப்போம். "காக்கா வலிப்புக்காரன்" என்ற பட்டப்பேரை இனி நம்ம வாயால சொல்ல மாட்டோம்.

ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகப் பெருமாள் யார்? பாதாளத்தில் கிடந்த பூமித்தாயைத் தூக்கி எடுத்தவர். மாசி மகத்துக்குக் கிள்ளைக் கடற்கரைக்கு அவர் போகும்போது அங்கே தர்காவில் இஸ்லாமிய சகோதரர்கள் வரவேற்பு கொடுக்கிறாங்க. விழுந்தவங்களைத் தூக்குறதும், வேத்து ஆள்னு பார்க்காம கூட நிக்கிறதும் இந்த மண்ணோட குணம். நம்ம முருகன் அந்தப் பெருமாளுக்கு மருமகன். மாமன் ஊரில் ஒரு பிள்ளை விழுந்து கிடக்க, மருமகனைக் கும்பிடுற நாம வேடிக்கை பார்க்கலாமா?

பிராதில் எழுதின உண்மையை டாக்டர்கிட்டயும் சொல்லுங்க. சொல்ற தைரியத்தை அந்தக் குடும்பத்துக்கு நாம கொடுப்போம்.

முருகா சரணம்!
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

இதைப் படிச்சவங்க ஒரு குடும்பத்துக்காவது அனுப்புங்க. யாருக்குத் தேவைன்னு முருகனுக்குத் தெரியும்.