மருந்தும் அறமும்

எச்.ஐ.வி. வைரசின் புரதமொன்று மடிந்தே அதன் மென்சவ்வை மனிதக் கலத்தின் மென்சவ்வோடு இணைக்கிறது. அப்புரதத்தின் ஒரு பகுதியையே ஒத்த, 36 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்தைட்டை ஆக்கி அம்மடிப்பைத் தடுத்தனர் விஞ்ஞானிகள். என்பியூவிர்டைடு எனும் அம்மருந்து 2003இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அப்போது அதன் ஓராண்டு விலையோ ஏறத்தாழ 20,000 டொலராக இருந்தது!

நூறுக்கு மேற்பட்ட இரசாயனப் படிகளைக் கடந்தே அது உருவானது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை சுமப்பவனின் கலமும் செல்வந்தனின் கலமும் ஒன்றே அல்லவா? ஒருவனைக் காத்து மற்றவனைக் கைவிடுவது எவ்வகை அறம்?

1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் தலைவரான பேராசிரியர் சேனக பிபிலே, வணிகப் பெயர்களுக்கு மயங்காது மருந்துகளை மலிவாக மொத்தமாய் வாங்க வழிசெய்தார். ஆக்கச் செலவைச் சமூகமே சுமக்கட்டும். நோயாளி தனித்துச் சுமத்தல் நீதியன்று.