இரவல் கொடுத்தவரின் பொறுப்பு

கடன் வேறு, இரவல் வேறு. கடனாக வாங்கிய அரிசிக்கு ஈடாக வேறு அரிசி அளந்தால் போதும். இரவல் வாங்கிய ஏணியை அதே ஏணியாகத் திருப்பித் தர வேண்டும். இரவலில் பொருள் கைமாறுகிறது, உடைமை மாறுவதில்லை. பொருள் திரும்பி வரும் வரையிலான இடைக்காலத்தைப் பற்றி இரண்டு கேள்விகள் எழுகின்றன. பொருளுக்குக் கேடு வந்தால் இழப்பு யாருடையது? பொருளால் ஒருவருக்குக் கேடு வந்தால் பொறுப்பு யாருடையது? விடுமுறைக்குத் தங்க வந்தவருக்கு மிதிவண்டியோ துடுப்புப் படகோ கொடுக்கும் விடுதிக்காரரை எதிர்கொள்பவையும் இவையே.

முதல் கேள்வியை விவிலியத்தின் யாத்திராகமம் 22ஆம் அதிகாரம் எடுத்துக்கொள்கிறது. இரவல் வாங்கிய மாடு, உடையவர் கூட இல்லாதபோது செத்தாலோ காயப்பட்டாலோ வாங்கியவர் ஈடு செய்ய வேண்டும். உடையவர் கூட இருந்தால் வேண்டியதில்லை. இதிலிருந்து யூத மரபின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா, பொருளை வைத்திருப்போரை நால்வராகப் பிரிக்கிறது: கூலியின்றிக் காப்பவர், கூலிக்குக் காப்பவர், வாடகைக்கு எடுத்தவர், இரவல் வாங்கியவர். இவர்களில் இரவல் வாங்கியவருக்கே பொறுப்பு மிக அதிகம். பயன் முழுவதும் அவருக்கே என்பதால் தற்செயலான இழப்பும் அவரையே சேரும். ஆனால் மிஷ்னாவை விளக்கி விவாதிக்கும் தல்மூத் ஒரு விலக்குத் தருகிறது. எந்த வேலைக்காக மாடு கேட்கப்பட்டதோ அந்த வேலையிலேயே அது செத்தால் ஈடு இல்லை. உழைக்கக் கொடுத்த பொருள் உழைப்பில் தேய்வது கொடுத்தவர் முன்பே ஏற்ற இழப்பு.

இஸ்லாமியச் சட்டத்தில் இதற்கு இரு விடைகள் உண்டு. 630இல் ஹுனைன் போருக்கு முன் சஃப்வான் இப்னு உமையாவிடம் நபிகள் கவசங்களை இரவல் கேட்டபோது, அவற்றுக்குப் பொறுப்பேற்பதாக உறுதியளித்தார் என்கிறது ஹதீஸ். இதைச் சான்றாகக் கொண்டு ஷாஃபி என்னும் சட்டப் பள்ளியின் வழியினர், வாங்கியவரிடம் தவறு இல்லாவிட்டாலும் இழப்பு அவருடையதே என்பர். மற்றொரு பள்ளியான ஹனஃபி வழியினருக்கு இரவல் பொருள் அமானிதம், அதாவது நம்பி ஒப்படைத்த பொருள். அத்துமீறலோ கவனக்குறைவோ இருந்தால்தான் ஈடு.

இரண்டாம் கேள்வியை ரோமானியச் சட்டம் கூர்மையாக்கியது. ஜஸ்டினியன் பேரரசர் 533இல் வெளியிட்ட டைஜஸ்ட் என்னும் தொகுப்பில் ஓட்டைப் பாத்திரம் இரண்டு இடங்களில் வருகிறது. ஓட்டை என்று தெரிந்தே இரவல் கொடுத்து, அதில் ஊற்றிய திராட்சை ரசமோ எண்ணெயோ வீணானால் கொடுத்தவர் பொறுப்பு என்கிறார் ரோமானியச் சட்ட அறிஞர் காயஸ். அதே குறையுள்ள மிடாவை வாடகைக்கு விட்டவர், குறை தமக்குத் தெரியாது என்று சொல்லியும் தப்ப முடியாது என்கிறார் மற்றொரு சட்ட அறிஞரான உல்பியன். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 150ஆவது பிரிவில் இதே கோட்டைப் போடுகிறது. சும்மா கொடுப்பவர் தமக்குத் தெரிந்த குறைகளைச் சொல்லிவிட வேண்டும். வாடகைக்கு விடுபவர் தெரியாத குறைக்கும் பொறுப்பு.

இதன் அறம் தெளிவானது. கொடை மனம் அறியாமையை மன்னிக்க வைக்கும். அறிந்து மறைத்ததை மன்னிக்க வைக்காது. காசு வாங்கியவருக்கோ சோதித்துப் பார்த்து அறிந்துகொள்வதே கடமையாகிறது.

விடுதி மிதிவண்டி சும்மா கொடுப்பதற்கும் வாடகைக்கு விடுவதற்கும் நடுவே நிற்கிறது. வண்டிக்குத் தனிக் கட்டணம் இல்லை என்பதால் அது இரவல் போலத் தெரியும். ஆனால் அறை வாடகை வாங்கப்பட்டிருக்கிறது. வண்டி உண்டு என்ற அறிவிப்பே சிலரை அங்கே வரவழைத்திருக்கலாம். பயன் இரு பக்கமும் இருக்கும்போது அதை வெறும் கொடை என்பது கடினம். பிரேக் பிடிக்காததை அறியாத விடுதிக்காரர், சும்மா இரவல் கொடுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு உரிய மன்னிப்பைக் கேட்க முடியாது. வாடகைக்கு விட்டவரின் இடத்துக்கே அவர் நெருங்கி வருகிறார்.

எஞ்சுவது, விபத்துக்கு விடுதி பொறுப்பல்ல என்று எழுதி வாங்கும் கையெழுத்து. பிரிட்டனின் 1977ஆம் ஆண்டு நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டம், தொழில் நடத்துபவர் தம் கவனக்குறைவால் விளையும் மரணத்துக்கும் உடற்காயத்துக்குமான பொறுப்பை ஒப்பந்தத்தாலோ அறிவிப்பாலோ நீக்கிக்கொள்ள விடவில்லை. அப்படிப்பட்ட விதிக்கு ஒருவர் இசைந்தார் என்பதாலேயே ஆபத்தை விரும்பி ஏற்றதாக ஆகிவிடாது என்றும் அது கூறியது. நுகர்வோரைப் பொறுத்தவரை அந்நாட்டின் 2015ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இந்த நிலையைத் தொடர்கிறது.

இதனால் எச்சரிக்கை பயனற்றதாகிவிடாது. நீரோட்டம் எங்கே இழுக்கும், எந்த இறக்கத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று சொல்லும் எச்சரிக்கை கொடுப்பவரின் அறிவை வாங்குபவருக்குத் தருகிறது. அதன் பின் அவர் எடுக்கும் முடிவு அவருடையது. எதையும் சொல்லாமல் வாங்கும் கையெழுத்து அறிவைத் தராமல் சுமையை மட்டும் தள்ளிவிடப் பார்க்கிறது. ஓட்டையைச் சொல்லிக் கொடுத்த பாத்திரத்துக்கும் தெரிந்தும் சொல்லாமல் கொடுத்த பாத்திரத்துக்கும் உள்ள வேறுபாடே இங்கும்.