மறைப்பதும் அன்போ?

"அம்மாவிடம் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள், சாமி, தெரிந்தால் பயந்தே போய்விடுவார்கள்." நோயாளியைச் சந்திக்கச் செல்லும் குருவானவரின் காதில் வாசற்படியிலேயே விழும் சொற்கள் இவை. சொல்பவர்கள் கல்நெஞ்சர் அல்லர்; பெற்றவளை உயிராய் மதிப்பவர்கள். ஆகவேதான் கேள்வி கடினமாகிறது: நோயாளியின் நலன் கருதி, அவரது நோயை அவரிடமிருந்தே மறைப்பது அறமாகுமா?

பழைய கேள்விதான். புனித அகுஸ்தீனார் பொய்க்கு எதிராக எழுதிய நூலில் இதனை எழுப்புகிறார். கடும் நோயில் கிடக்கும் ஒருவரின் ஒரே மகன் இறந்துவிட்டான்; அவன் உயிரோடிருக்கிறானா என்று தந்தை கேட்டால் என்ன சொல்வது? அங்கும் பொய் ஆகாது என்றே அவர் முடிக்கிறார்; ஆயினும் தம் மனம் கலங்குவதை மறைக்கவில்லை. புனித தோமா அக்குவினார், பொய் வேறு, விவேகத்தோடு உண்மையை வெளியிடாதிருத்தல் வேறு என்று பிரித்தார். மௌனத்திற்கும் இடமுண்டு என்பதே நம் மரபு.

ஆனால் எல்லா நோயும் ஒரு தன்மையன அல்ல. இதயத்துடிப்பு ஒழுங்கு தவறும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனை எடுத்துக்கொள்வோம். சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கியவர்களுக்கு இது வரலாம். முதுமையாலும் இரத்தக் கொதிப்பாலும் வரும். இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்குகின்றன. அங்கே தேங்கும் குருதி உறைகிறது. உறைந்த கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம். இதனைத் தடுக்க, வால்வு சுருங்கியவர்களுக்கு இன்றும் வார்ஃபரின் மாத்திரையே பெரிதும் தரப்படுகிறது. (1948-இல் எலி நஞ்சாக விற்பனைக்கு வந்து, 1954-இல் மனிதர்க்கு மருந்தான பொருள் அது!) அளவு குறைந்தால் குருதி உறையும், மிகுந்தால் உள்ளே கசியும். ஐ.என்.ஆர். என்னும் பரிசோதனையில் எண் பொதுவாக 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். கீரையை ஒரு வாரம் மிகுதியாய் உண்டு மறுவாரம் அறவே விட்டால் அந்த எண் மாறிவிடும். கீரை விலக்கன்று, அளவு மாறாதிருக்க வேண்டும். மூட்டுவலிக்கென்று கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையும் ஆபத்தாகலாம்.

இத்தனையையும் கவனிப்பவர் யார்? வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகனா? கீரை ஆய்பவள் தாய். மாத்திரை விழுங்குபவள் அவள். பல் ஈறில் குருதி கசிவதை முதலில் காண்பவளும் அவளே. நான் அறிந்த மூதாட்டி ஒருவரிடம் அது 'சத்து மாத்திரை' என்று பிள்ளைகள் சொல்லியிருந்தனர். தவக்காலத்தில் சத்து மாத்திரை எதற்கு என்று, ஒறுத்தலாக அதை அவர் நிறுத்திவிட்டார். நான்காம் வாரத்தில் வலக்கையும் பேச்சும் போயின. அறிந்ததற்கேற்ப அவர் நேர்மையாகவே நடந்தார். அவருக்குக் கொடுக்கப்பட்ட அறிவுதான் பொய்.

அகுஸ்தீனார் கூறும் தந்தை, மகன் இறந்த செய்தியைக் கேட்டு அழலாமேயன்றி வேறொன்றும் செய்ய இயலாது. இத்தாய்க்கோ செய்தியே சிகிச்சையின் பாதி. இங்கே மறைப்பது மௌனமன்று, மருந்தைப் பறிப்பது.

மருத்துவர்களிலும் சிலர், எதிரே அமர்ந்திருப்பவளை விட்டுவிட்டு, பின்னால் நிற்கும் மகனிடம் ஆங்கிலத்தில் இரண்டு சொல் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். நாற்பதாண்டு வீட்டுக்கணக்கை மனத்திலேயே வைத்திருந்தவளுக்கு 2-உம் 3-உமா விளங்காது? நாடியில் விரல் வைத்துப் பார்க்கவும், பரிசோதனை எண்ணை நோட்டில் எழுதி வைக்கவும், எந்த அறிகுறி கண்டால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்று அறியவும் அரைமணி நேரம் போதும். வீடு சந்திக்கும் மரியாயின் சேனையினர், செவிலியரான அருட்சகோதரி ஒருவரை உடன் அழைத்துச் சென்றால் இதை நம் பங்குகளிலேயே செய்யலாம்.

பயம் வராதா என்றால், வரும். சில இரவுகள் உறக்கமும் வராது. ஆகவே, சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறவர் சொல்லாமலேயே இருந்திருக்கலாம். அந்த இரவுகளில் அருகில் யார் படுப்பது என்பதைச் சொல்வதற்கு முன்பே பிள்ளைகள் பேசி வைத்துக்கொள்ளட்டும். குடும்ப செபமாலை முடிந்ததும், பேரப்பிள்ளை தண்ணீரோடு வந்து, "பாட்டி, இரத்தம் உறையாத மாத்திரை" என்று அதன் பெயர் சொல்லியே கொடுக்கட்டும்.