பந்தை எடு, மறுமுனைக்குப் போ!

"நாங்க எல்லாம் எங்கே முன்னேறுவது?"

றொசல்லயில் இருந்துகொண்டு இதை எத்தனை தடவை சொல்லிவிட்டாய்? ஓ.எல். பரீட்சையில் கணக்கு பெயில். உடனே கொழும்பில் கடை வேலை தேடுகிறாய். ஒரு பெயிலுக்கு ஆயுள் முழுவதையும் எழுதிக் கொடுப்பாயா?

லயக் காம்பராவில் மேசை இல்லை என்கிறாய். உண்மை! ஆறு பேர் படுக்கிற இடத்தில் படிப்பது கொடுமை. அதை நான் மறைக்க மாட்டேன். அதற்குள்ளேயே நீ முடங்கிப் போகவும் விடமாட்டேன்!

1995 டிசம்பர் 26. மெல்பர்ன் மைதானம். நம் கிரிக்கெட் பந்துவீச்சாளர் முத்தையா முரளிதரனுக்கு வயது 23.

நடுவர் டரல் ஹெயார் கையை நீட்டினார். நோ போல்! மறுபடியும் நோ போல்! மூன்று ஓவர்களுக்குள் ஏழு தடவை! பந்து வீசத் தெரியாதவன், எறிகிறவன் என்று உலகத்தின் முன்னால் முத்திரை குத்தினார்கள்.

நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? அடுத்த விமானத்தில் வீடு திரும்பியிருப்பாய், இல்லையா?

முரளி மறுமுனைக்குப் போனார். அங்கிருந்து வீசினார். அதே ஆட்டத்தில்!

அத்தோடு விட்டார்களா? 1999இல் அடிலெய்டில் இன்னொரு நடுவர். மறுபடியும் நோ போல். ஆய்வுகூடத்தில் கையை அளந்தார்கள். அளக்கட்டும் என்று நின்றார். 2004இல் முழங்கையை மடக்க முடியாதபடி கவசம் மாட்டிக்கொண்டு, கமராவுக்கு முன்னால் வீசிக் காட்டினார். கெஞ்சவில்லை. வீசினார்!

2010 ஜூலை, காலி. கடைசி டெஸ்ட். கையில் 792 விக்கெட். இன்னும் எட்டு வேண்டும். டெஸ்டில் அவர் வீசிய கடைசிப் பந்தில் விழுந்தது 800ஆவது!

"அவருடைய அப்பாவுக்கு பிஸ்கட் தொழிற்சாலை இருந்ததே!" என்கிறாயா? இருந்தது. தேயிலைத் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர் அவருடைய தாத்தா. 1977 கலவரத்தில் அந்தத் தொழிற்சாலையை எரித்தார்கள். அப்போது முரளிக்கு ஐந்து வயது. இப்போது சொல், காரணம் தேட அவருக்கு இடமில்லையா?

பயம் என்கிறாயா? தங்கச்சி, உன்னிடம்தான் கேட்கிறேன்!

வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் வழக்கு என்றிருந்த காலம். தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் உள்ளே நுழைந்தார். 1931இல் தொழிலாளர் சங்கம் கட்டினார். எங்கே? அட்டனில்! உன் ஊருக்கு அடுத்த ரயில் நிலையத்தில்!

அவர் மனைவி மீனாட்சி அம்மாள் தானே பாட்டுக் கட்டினார். தொழிலாளர் நடுவில் நின்று பாடினார். துரைமார் ராஜ்ஜியத்தில் ஒரு பெண்ணின் குரல்! வகுப்பில் எழுந்து ஒரு கேள்வி கேட்க உனக்கு நா எழவில்லையா?

சி.வி. வேலுப்பிள்ளையைப் பார். மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்த எழுத்தாளர். 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனார். மறு வருடமே குடியுரிமைச் சட்டம் வந்தது. பிறகு வாக்குரிமையும் போயிற்று. நம் தோட்டத் தமிழ்ச் சமூகத்தையே நாடற்றதாக்கினார்கள்!

அவர் பேனாவை மூடினாரா? தமிழில் எழுதினார். ஆங்கிலத்தில் எழுதினார். கொழுந்து பறிக்கும் பெண்கள் பாடிய பாட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். நாட்டைப் பறித்தவர்களால் அந்தப் பேனாவைப் பறிக்க முடிந்ததா?

உன்னிடமிருந்து யார் எதைப் பறித்தார்கள்? ஒரு பாடத்தில் பெயில். அவ்வளவுதானே!

அடுத்த பரீட்சைக்கு விண்ணப்பம் போடு. லயத்தில் இடமில்லையா? பாடசாலை விட்ட பிறகும் வகுப்பறையிலேயே இரு. துணைக்கு இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்.

கணக்கு டீச்சரிடம் போ. "விளங்கவில்லை, இன்னொரு தடவை சொல்லித் தாங்க" என்று கேள். சிரிக்கிறவன் சிரிக்கட்டும்!

நாளைக்கே போய்க் கேள்!